வில்லங்கச் சான்று

சூளகிரி தாண்டி நெடுஞ்சாலைக்கு இடப்பக்கம்
மூடிப்போன பாலிடெக்னிக்கின் கொடிக்கம்பத்தருகே நிற்கிறது.
வங்கி ஜப்தி செய்த சொத்துப் பட்டியலில்
பெஞ்சு 212, மின்விசிறி 64, ஜெனரேட்டர் ஓடாது,
அதற்குக் கீழே பென்சிலில் யாரோ:
விமானம், பழையது, ஒன்று.

"மூலப்பத்திரம் இல்லாம எப்படி ஏலம் விடறது?"
என்றார் மேலாளர் ரெஹானா பேகம்.

இருபத்தாறு வருஷமாய்ப் பத்திரம் எழுதுகிறேன்.
பங்காளிகள் பாதியாய்ப் பிரித்த கிணற்றுக்கே
நான்கெல்லை சொல்லியிருக்கிறேன்.
இதற்கு வடக்கே கோழிப்பண்ணை, கிழக்கே டீசல் பங்க்.
மேலே என்றொரு எல்லை
எந்தப் படிவத்திலும் இல்லை.

தாளாளர் வாங்கியது தொண்ணூற்றெட்டில்.
விற்றவர் கிருஷ்ணகிரி பழையபேட்டை தஸ்தகீர்.
அவர் மகன் தகரப்பெட்டியைத் திறந்து
ரசீதுகளை ஊதி ஊதிப் பிரித்தான்.
தஸ்தகீருக்கு முன் ஒரு சினிமாக் கம்பெனி,
ஒரே காட்சியில் எரிப்பதற்காக வாங்கி
மழை வந்து எரிக்காமல் விட்டது.
அதற்கு முன் கொச்சியில் ஏலம், எடைக்கு.
கிலோ என்ன விலை என்ற இடத்தில் எண்ணெய்க் கறை.
அதற்கும் முன்னால் கடற்படை.
அங்கே பத்திரம் கிடையாது, வெறும் எண்தான்.

கப்பலின் மேல்தளத்தில் இறங்குமாம் இது.
சந்தைத் திடல் அளவுக்கான இடம்,
அதுவும் ஆடிக்கொண்டே இருக்கும்.
வாலடியில் ஒரு கொக்கி.
தளத்தின் குறுக்கே கட்டிய இரும்புக் கயிற்றை
அது பிடித்துவிட்டால் இறங்கியாயிற்று.

அந்தக் கொக்கி இதில் இல்லை.

வேப்பனப்பள்ளியில் இருந்தது.
கிணற்றில் விழுந்த மோட்டார்களைத் தூக்கும்
மல்லேசப்பாவின் சங்கிலி முனையில்.
"பாதாளக் கரண்டிக்கு மாட்டாததெல்லாம்
இதுக்கு மாட்டும் சார். இன்னிக்கு வரை விட்டதில்லை."
எதற்குச் செய்தது என்று சொன்னேன்.
தலைகீழாய்ப் பிடித்துப் பார்த்தவர்
"அப்போ தொழில் மாறலை" என்றார்.
விலைக்குத் தரவில்லை.

மூடிக் கண்ணாடி ஓசூரில்,
ரோஜா நாற்றின் மேல் கவிழ்ந்து
உள்ளுக்குள் வியர்க்கிறது.
எஞ்சின் பெங்களூரு போனதாகச் சொல்கிறார்கள்.
சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு ஏறிச் சுரண்டினேன்.
கல்லூரி ஆண்டுவிழாவுக்கு அடித்த நீலம்,
அடியில் சினிமாப் பச்சை,
அதற்கும் அடியில், பேருந்தில் எப்படிப் போனாலும்
ஐந்து மணி நேரத்துக்குக் குறையாத
ஒரு கடலின் சாம்பல்.
முன்பாதித் தகட்டில் பதினேழில் முடிகிற எண்.
வால் பாதியில் நாற்பத்திரண்டு.
நடுவே ஆணி வரிசை வேறு கை, வேறு அவசரம்.

கொச்சிக்கு எழுதினேன்.
ஏழு வாரம் கழித்து அரைப்பக்கப் பதில்.
பதினேழு: பணிக்காலம் முடிந்து நீக்கம்.
நாற்பத்திரண்டு: இறங்குகையில் முறிவு.
கொக்கி கயிற்றில் பிடித்திருந்தது.
வால் தளத்தில் மீட்பு. முன்பகுதி கடலில்.
ஓட்டியவர் பெயர் கேட்டிருந்தேன்.
அந்த இடத்தில் ஒரு கோடு.

மல்லேசப்பாவிடம் போய்ச் சொல்ல நினைத்தேன்.
ராயக்கோட்டை ரயில்வே கேட் வரை போய்
வண்டியைத் திருப்பினேன்.
இன்னிக்கு வரை விட்டதில்லை என்றாரே,
அது பொய்யில்லை.
அன்றைக்கும் விடவில்லை.

"முடிஞ்சுதா?" என்றார் ரெஹானா பேகம்.
பட்டியலில் 'ஒன்று' என்பதை அடித்தேன்.
'இரண்டு' என்று எழுதப் போய்
பேனா நின்றது.
பழைய எண்ணம் அடிபட்டுக் கிடக்க,
பக்கத்துக் கட்டத்தை வெறுமையாய் விட்டு,
வழக்கம்போலக் கடைசி வரியில்
அடித்தல் ஒன்று, கூடுதல் இல்லை
என எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.