ஏழாவது வரி

இவாலோ ஓடுபாதையில் சக்கரத்தோடு ஏறி
இனாரி ஏரியில் மிதவையோடு இறங்க
பதினான்கு நிமிடம்.
இடையில் மறக்கக் கூடாதது ஒன்றுதான்:
தரைக்குக் காலை நீட்டு,
தண்ணீருக்குக் காலை மடக்கு.

நெம்புகோலுக்குப் பக்கத்தில் விளக்குகள்.
சக்கரம் கீழே என்றால் பச்சை நாலு,
மேலே என்றால் நீலம் நாலு.
நான் பறக்கக் கற்றதோ
மிதவையே இல்லாத விமானங்களில்.
பத்தொன்பது வருடம்
பச்சையைப் பார்த்தால்தான்
மூச்சு விடும் இந்தக் கண்.

பின்னிருக்கையில் அன்று ஊலா.
மடியில் கம்பு ரொட்டி,
காலடியில் வலைக்கான ஈயக் குண்டுகள்,
கந்தலில் சுற்றிய படகு மோட்டார்த் துண்டு ஒன்று.
அட்டையை எடுத்து வாசித்தேன்,
வாய்விட்டுத்தான் வாசித்தேன்:
எரிபொருள். கலவை. வெப்பம்.
ஆறாவது வரி, இருக்கைப் பட்டை.

"வீட்டை வித்தாச்சா?"

எந்த வீடு என்று அவர் சொல்லவில்லை.
யாருடைய பாதி யாருக்கு என்பது
ஏரிக்கரை முழுக்கத் தெரியும்.
"இன்னும் இல்லை" என்றேன்.
இரண்டே சொல்.
மறுபடி அட்டையைப் பார்த்தபோது
என் கட்டைவிரல்
எட்டாவது வரியில் இருந்தது.

குறை சொல்ல வேறெதுவும் இல்லை.
காற்றில்லை, மூடுபனியில்லை.
ஜூன் மாதம், இரவு பத்து மணிக்கும் வெயில்.
ஏரி, ஆறிய கஞ்சியின் ஆடை போல.
பச்சை நாலும் ஒழுங்காக எரிந்தன.
பார்த்தேன்.
பார்த்து நிம்மதியும் அடைந்தேன்.
அதைத்தான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

தண்ணீர் சக்கரத்தைப் பற்றியது
ஓடுகிறவன் கணுக்காலைப்
பின்னாலிருந்து பிடிப்பது போல.
அப்புறம் வானம் இருந்த இடத்தில் ஏரி.

தலைகீழாகத் தொங்கிக்கொண்டு
முதலில் கதவின் பிடியைத் தேடு,
கை அதில் இருக்கும்போதே பட்டையை அவிழ்.
அதுவும் ஒரு பட்டியல்தான்.
அதை மட்டும் வரி பிசகாமல் செய்தேன்.
ஊலாவைச் சட்டையோடு இழுத்தேன்,
அவருடைய தோளெலும்பு
என் கைக்குள் நகர்ந்தது.
ஈயம் மூழ்கியது.
ரொட்டி மட்டும்
எங்களைச் சுற்றி மிதந்துகொண்டிருந்தது,
ஒன்றும் நடக்காத மாதிரி.

விசாரிக்க வந்த வெஸ்தெரினென்
மெதுவாகப் பேசும் பெண்.
"இந்த வளைகுடாவில் இதற்கு முன்
எத்தனை முறை இறங்கியிருப்பீர்கள்?"
ஆயிரம் இருக்கும் என்றேன்,
கொஞ்சம் நிமிர்ந்துதான் சொன்னேன்.
படிவத்தில் 'காரணம்' என்றிருந்த கட்டத்தில்
அதை எழுதிக்கொண்டார்.

அன்னங்கள் வருகின்றன கோடையில்.
இரண்டு காலையும் முன்னால் நீட்டி
தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்குகின்றன,
கவிழ்வதில்லை.
கரையில் உட்கார்ந்து
ஒரு கோடை முழுக்க
அவற்றின் மேல் எரிச்சலாக இருந்தேன்.

அடுத்த வருடம் கடன் வாங்கிய விமானம்.
ஊலா வருவார் என்று நினைக்கவில்லை.
ஒரு தோள் இறங்கியிருந்தது,
ரொட்டியை மறு பக்கம் வைத்துக்கொண்டார்.
ஐந்தாவது வரியில் வானொலி கரகரத்தது,
யாரோ யாருக்கோ மழை பற்றி.
விட்ட இடம் ஞாபகம் இருந்தது,
நன்றாகவே ஞாபகம் இருந்தது.
இருந்தும் மூக்கை உயர்த்தி
ஏரியை ஒரு சுற்று சுற்றி வந்து
முதலாவதிலிருந்து தொடங்கினேன்.

எரிபொருள். கலவை. வெப்பம்.
ஏழு:
"இது தண்ணீர். சக்கரம் மேலே."
கண்ணை நம்பாமல் விரலால் தொட்டு
நீலம், நீலம், நீலம், நீலம்.
ஊலா இருமக்கூட இல்லை.
அந்த மௌனம்
பின் கழுத்தில் குளிர்ந்தது.

இறங்கினோம்.
என்ஜின் நின்றது.
விசிறி கடைசியாக ஒருமுறை ஆடி நின்றது.
தண்ணீர் மிதவையைத் தட்டும் சத்தம் மட்டும்.

"வீடு என்ன ஆச்சு?" என்றார்.

கயிற்றைப் படகுத்துறைக் கம்பத்தில் கட்டி
முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு
பதில் சொன்னேன்.