துணைப்பணி

அந்தச் சொல்லை உண்டாக்கியவன் நான்.
கொரடாச்சேரி அரிசி ஆலையில்
வருகைப் பதிவேடு எழுதும் கை என்னுடையது.
ஆய்வாளர் வருகிறார் என்று
முதலாளிக்கு வியர்த்த ஒரு மாசி மாதத்தில்
பெண்கள் பெயருக்கு நேரே
எதையாவது எழுதச் சொன்னார்.
எழுதினேன்:
துணைப்பணி.
பேனா சிக்கவில்லை.
அந்தத் தீபாவளிக்கு எனக்கு இரட்டை வேட்டி.

மூட்டை தைக்கும் எந்திரத்துக்கு
ஆண் பெண் தெரியாது.
பெல்ட்டில் சாய்ந்து வரும் இருபத்தைந்து கிலோவைப்
பிடித்து, வாய் சேர்த்து, தைத்து, நூல் அறுத்து
அட்டியில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான்.
ஏழாம் நம்பர் கலியமூர்த்தி செய்தது அது.
பதினான்காம் நம்பர் தையல்நாயகி செய்ததும் அது.
அவருக்குக் கூலி ஐந்நூற்று நாற்பது.
அவளுக்கு முந்நூற்று எண்பது.

பாருங்கள்,
குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போதுகூட
கலியமூர்த்தி அவர்,
தையல்நாயகி அவள்.
கையில் ஊறியது நாக்கிலும் ஊறிவிட்டது.

முதலில் அறுபது ரூபாய்தான் வித்தியாசம்.
கூலி ஏற ஏற அதுவும் ஏறியது,
நான்தான் கூட்டிக் கழித்து வட்டமாக்கித் தந்தேன்.

ஒரு சனிக்கிழமை சம்பள சன்னலில்
தையல்நாயகி பணத்தை எண்ணவில்லை.
"துணைப்பணின்னு போட்டிருக்கீங்களே,
யாருக்குத் துணை?
நான் தைக்கிறப்ப
என் பக்கத்துல யாரு நின்னா?"

சன்னல் கம்பிக்குப் பின்னால்
நான் ரப்பர் ஸ்டாம்பைத் தேடுவதுபோல் குனிந்தேன்.

மனு போன மறுநாள்
அவரை உமிக்கிடங்குக்கு மாற்றினார்கள்.
இருமல் என் மேசை வரை கேட்டது.
மாற்றல் உத்தரவும் என் கையெழுத்தில்தான்.

திருவாரூர் தொழிலாளர் அலுவலகத்துக்கு
டிபன் பையில், சாம்பார் டப்பாவுக்கு அடியில்
ஒரு நோட்டுக் கொண்டுபோனேன்.
யார் எத்தனை மூட்டை தைத்தது என்று
நாள் தவறாமல் குறித்த நோட்டு.
முதலாளிக்கு அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது.

"ஐயா, அது வெறும் துணைப்பணி"
என்றார் ஆலைத் தரப்பு வக்கீல்.
என் சொல்
கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு
என்னைத் தெரியாததுபோல் நின்றது.

டெல்லியில் போட்ட சட்டத்தை ஒருமுறை,
சென்னையில் எழுதிய விதியை ஒருமுறை
வாசித்த அலுவலர் நிமிர்ந்தார்:
"ஒரே வேலைதான் என்பதற்கு ஆதாரம்?"

என் விரல் பையின் ஜிப்பில் இருந்தது.
அதற்குள் ஆட்சியர் கூட்டம் என்று ஆள் வந்தது.
இருபத்திரண்டாம் தேதிக்கு வாய்தா.
எனக்கு நிம்மதியாக இருந்தது.
அதையும் பதிவில் ஏற்ற வேண்டும்.

பஸ் ஸ்டாண்டில் சொன்னேன்:
"சட்டமெல்லாம் இருக்கும்மா,
கடைமடைக்கு வந்துசேர நாளாகும்."
தையல்நாயகி இருமி முடித்துவிட்டுச் சொன்னார்:
"தண்ணி எப்ப தானா வந்துச்சு?
ராத்திரி கண்ணு முழிச்சு
யாராச்சும் மண்வெட்டி போட்டாத்தான்."
பிறகு என் பையைப் பார்த்தார்.
உள்ளே என்ன என்று கேட்கவில்லை.

வீட்டில் விளக்கடியில் விரித்தேன்.
தை ஒன்பது.
ஏழாம் நம்பர்: இருநூற்று ஒன்பது.
பதினான்காம் நம்பர்: இருநூற்றுப் பன்னிரண்டு.
பன்னிரண்டின் மேல் சாம்பார் கறை.
வேட்டி முனையால் ஒற்றினேன்,
அந்த இரட்டை வேட்டியில் ஒன்று.
எண் கலையவில்லை.

இருபத்திரண்டாம் தேதி
முதல் பஸ்
ஐந்து நாற்பதுக்கு.