ஈரத் தரை

யாரோ சிரப் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்
என்றுதான் நினைத்தேன்.
ஜாலான் அம்பாங், பதினாறாம் மாடி,
இரவு பதினொன்றே கால்.
மின்தூக்கியிலிருந்து தேநீர் அறை வரைக்கும்
இப்போதுதான் துடைத்த வெள்ளைத் தரையில்
ஓர் ஆள் நடந்த சிவப்பு.

வாய்க்கு வந்தபடி திட்டினேன்.
மஞ்சள் பலகை வைத்திருக்கிறேனே, கண் அவிந்தா போச்சு,
பெரிய படிப்புப் படித்த காலா இது என்று
மொப்போடு தடத்தின் பின்னாலேயே போனேன்.
அச்சு எந்திரத்தைச் சுற்றியது தடம்.
நான் குப்பைக்கூடை மாற்றிய மேசைகளில் எல்லாம்
நின்று, கொஞ்சம் கூடுதலாகச் சிந்தி,
கடைசியில்
என் வாளிக்குப் பக்கத்தில்
என் வலது செருப்பில் வந்து முடிந்தது.

வலிக்கவில்லை.
அதுதான் விஷயமே.
ஆணி குத்தியதா என்று புரட்டிப் பார்த்தேன்,
கண்ணாடிச் சில்லா, ஸ்டேப்ளர் ஊசியா.
ஒன்றுமில்லை.
நடந்ததுதான் குத்தியிருக்கிறது.

முதலில் தரையைத் துடைத்தேன்,
அப்புறம்தான் காலை.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால்
மாத்திரை தின்றே முடித்த வியாதி.
கிருமி போயிற்று. போகும்போது நரம்பையும் கொண்டுபோயிற்று,
வாடகை பாக்கி வைத்த குடித்தனக்காரன்
கதவைக் கழற்றிக்கொண்டு போன மாதிரி.
வேலைக்குச் சேர்ந்தபோது
சர்க்கரை வியாதி என்று எழுதச் சொன்னேன்.
சர்க்கரை என்றால் ஐயோ பாவம் என்பார்கள்.
மற்றதைச் சொன்னால்
குவளையைத் தனியாக வைப்பார்கள்.

மருத்துவமனையில் சியூ மின் என்கிற பெண்
தாள் விரித்து, அதன்மேல்
மை தடவிய ரப்பர் விரிப்பைக் கவிழ்த்து
எப்போதும் நடக்கிற மாதிரி நடங்கள் ஆன்ட்டி என்றாள் மலாயில்.
கைநாட்டு வைத்தே பழகியவள்
அன்றைக்குக் காலால் கையெழுத்துப் போட்டேன்.

குதிகால் சாம்பல் நிறம்.
நடுப்பாதம் இருக்கிறதோ இல்லையோ.
பெருவிரலுக்குக் கீழே மட்டும்
கட்டங்கூடத் தெரியாத கறுப்பு,
ஐம்பது சென் காசு அகலம்.

மற்றவர் கால் நோகத் தொடங்கினால்
ஆளுக்கே தெரியாமல் கொஞ்சம் சாய்ந்துகொள்ளும்,
பாரத்தை அங்கே இங்கே மாற்றிவிடும் என்றாள்.
உங்கள் காலுக்கு அந்தக் கள்ளத்தனம் தெரியாது.
அதே இடம், அதே பாரம்,
ஓர் இரவுக்கு ஒன்பதாயிரம் தடவை.

அடி என்றால் பாதம்.
அடி என்றால் ஓர் எட்டு.
அடி என்றால் அடிதான்.
மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்தவனுக்கு
என் காலைத் தெரிந்திருக்க வேண்டும்.

மாவுக்கட்டு. ஆறு வாரம் நடக்கக் கூடாது.
நடக்காத காலுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று கேட்டேன்.
அதற்கு அவளிடம் தாள் இல்லை.

காதுத் தோடு செந்தூல் அடகுக்கடைக்குப் போயிற்று.
லிஃப்ட் கெட்ட அடுக்குமாடியில் ஐந்து மாடி ஏறி
ஞாயிறுதோறும் வந்தாள் ரோஸ்லினா,
என்கூட மொப் பிடிக்கிறவள்,
பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பியோடு.
சர்க்கரை போடாத கோப்பி.
கஷாயம் மாதிரிக் குடித்தேன், நல்லாயிருக்கு என்றேன்.
கட்டுப் பிரிப்பதற்கு முதல் ஞாயிறு
உண்மையைச் சொல்லிவிட்டு
சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.
அவளும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு,
அப்படியென்றால் இத்தனை நாளும்
சீனி போட்டிருக்கலாமா என்று கோபித்துக்கொண்டாள்.

இப்போது புதுச் சப்பாத்து.
பெருவிரலின் கீழே குழி செதுக்கிய தடித்த அட்டை,
பார்க்க அழகில்லை.
குறுகக் குறுக நடக்கிறேன்.
மணிக்கு ஒருதரம் கழிப்பறைக் கதவைச் சாத்தி
முகம் பார்க்கிற கண்ணாடியில்
பாதம் பார்க்கிறேன்.
நோகாத இடத்தில்
கண்தான் நோக வேண்டியிருக்கிறது.

நேற்று மறுபடியும் தரையில் சிவப்பு.
மொப்பைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தேன்,
வலது காலைக் கழற்றி, இடதைக் கழற்றி,
இரண்டு கையாலும் தடவித் தடவி.
காய்ந்திருந்தது.
ஊர்ந்துபோய்த் தரையைத் தொட்டு முகர்ந்தேன்.

ரோஜா வாசம்.
சிரப்பேதான்.

யார் பெற்ற பிள்ளையோ,
திட்டாமல் துடைத்தேன்.