ஏழாம் மாளிகையின் பணிப்பெண்

ஆலந்தூரில் இறங்கும்வரை
விக்கைப் பையில்தான் வைத்திருந்தேன்.
பேன்ட்டுக்கு மேல் பாவாடை,
அதற்கு மேல் அப்பாவின் மழைக்கோட்டு.
டிசம்பரிலும் முதுகு வழியே வேர்வை ஓடும் ஊர் இது.
எதிர் இருக்கைக் குழந்தை
கோட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்த லேஸின் வளைவுகளை
விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தது.

தைத்துத் தந்தவர் புரசைவாக்கம் ஹமீது பாய்.
போனில் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.
"பொண்ணு அளவு கொண்டாந்தீங்களா?"
"எனக்குத்தான் பாய்."
தோளில் கிடந்த டேப்பை எடுத்தார்.
"கையைத் தூக்குங்க."
அவ்வளவுதான் பேச்சு.
இடுப்பில் மட்டும் கேட்காமலே ஓர் அங்குலம் விட்டிருந்தார்.
"உக்காரணும்ல."

வெரீனா பகலில் தூசு தட்டுவாள்.
இரவில் அதே துடைப்பத்தின் பிடியை உருவினால் வாள்.
"உத்தரவு, எஜமானே" என்று தலைகுனிகிறாள் என்றால்
குத்துவதற்கு இன்னும் அரை நொடி இருக்கிறது.
இரண்டு வருடமாக
நைட் ஷிப்ட் முடிந்த விடிகாலைகளில்
அவளாக இருந்து முந்நூறு தடவையாவது செத்திருப்பேன்.

நந்தம்பாக்கம் வாசலில் செக்யூரிட்டி மறித்தார்.
"என்ன தம்பி இது?"
"துடைப்பம்."
"உள்ள நெறைய இருக்கே."
வளைத்துப் பார்த்தார். ஃபோம். வளைந்தது.
ஆயுதமல்ல என்று ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினார்.

உள்ளே ஒருவனின் இறக்கை கதவில் மாட்டிக்கொண்டிருந்தது.
கொம்பு முளைத்த இருவர் ஒரே தட்டில் சமோசா தின்றார்கள்.
"வெரீனா!" என்று யாரோ கத்தியதும்
ஆறடி உடம்பு தானாகவே குனிந்தது.
உத்தரவு, எஜமானே.
ஒரு சிறுமி நிமிர்ந்து கேட்டாள்:
"நீ அண்ணனா, அக்காவா?"
"வெரீனா."
"சரி" என்று போய்விட்டாள்.

நாலு மணிக்கு ஏப்ரன் முடிச்சு அவிழ்ந்தது.
ஆண்கள் கழிவறைக் கண்ணாடி முன்
கை முதுகுக்கு எட்டாமல் சுழன்றேன்.
பக்கத்தில் நின்றவன் கை கழுவாமலே வெளியேறினான்.
வாசலில் பக்கெட்டும் மாப்புமாக
புடவைக்கு மேல் நீலக் கோட்டு போட்ட ஒரு அம்மா.
பேட்ஜில் சொர்ணம் என்றிருந்தது.
"திரும்பு" என்றாள்.
இழுத்து ஒரு முடிச்சு. மூச்சு நின்று வந்தது.

"இன்னா வேஷம்?"
"வேலைக்காரி."
தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.
அப்புறம் சிரித்தாள் பாருங்கள்,
இரண்டு ஸ்டால் தள்ளி ஒருவன் திரும்பினான்.
"இம்மாம் லேஸ் வச்சா அடுப்புல புடிச்சுக்கும் கண்ணு.
எந்த வூட்ல சேப்பாங்க?"

"இவ சண்டை போடுவா."
"யாராண்ட?"
"எஜமான்கிட்ட."
"செயிப்பாளா?"
"இல்ல. கடைசில தோத்துடுவா, எப்பவும்."
மாப்பைப் பிழிந்தாள்.
"நீ சரியா ஆடல."

அப்புறம், "வூட்ல கூட்டுவியா நீ?"
நான் விக்கைச் சரிசெய்தேன்.

துடைப்பத்தை வாங்கிப் பார்த்தாள்.
கை பழக்கத்தில் தரையில் ஒரு இழுப்பு இழுத்தாள்.
ஒரு தூசும் நகரவில்லை.
என் பாவாடையிலிருந்து உதிர்ந்த ஜிகினா மட்டும்
காரிடார் நெடுக மினுங்கிக்கொண்டிருந்தது.
"இது போவாது. மூணு நாளு கெடக்கும்"
என்று திருப்பித் தந்தாள்.

பரிசு இறக்கைக்காரனுக்கு.

இரவு பதினொன்று.
மழைக்கோட்டு, விக், காலுறை எல்லாம் கழன்றாயிற்று.
அந்த முடிச்சு மட்டும் வரவில்லை.
நகத்தால் நோண்டினேன்.
கத்தரிக்கோலைத் தேடிப் பாதியில் விட்டேன்.
ஏப்ரனோடு அப்படியே உட்கார்ந்து
கேமைப் போட்டேன்.

ஏழாம் மாளிகைக் கதவு திறந்தது.
படியிறங்கி எஜமான் வந்தார்.

தலைகுனிந்தேன்.