காலுறை விளிம்பு

ஜூலை பிறந்தால்
என் மருந்துக்கடைக் கதவு மணிக்கு ஓய்வில்லை.
கரும்பெர்ரி பழுத்துவிட்டதை
யாரும் வந்து சொல்லி நான் அறிந்ததில்லை.
கணுக்கால்களைப் பார்த்துத்தான்.

ஓசார்க் மலையடியில், இந்தச் சிற்றூரில்,
முப்பத்தொரு வருடமாகக் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறேன்.
யார் எங்கே போய்வந்தார் என்பதை
அவரவர் தோலே ஒப்புவித்துவிடும்.
காலுறை விளிம்பில் வரிசையாகச் சிவந்திருந்தால்
வேலியோரம் நடந்தவர்.
இடுப்புப் பட்டையைச் சுற்றி என்றால்
புல்லில் உட்கார்ந்தவர்.
தோளிலும் முதுகிலும் என்றால்
நான் எதுவும் கேட்பதில்லை.

இன்று காலை ஆரின் டட்வைலர் வந்தார்.
மனைவியை அடக்கம் செய்து மூன்று வருடம்,
தனி வீடு, ஒரு கிழட்டு நாய்.
"நகப்பூச்சு வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை"
என்று சட்டையைத் தூக்கிக் காட்டினார்.
இடுப்பைச் சுற்றி, பிறகு முதுகேறி,
கைக்கு எட்டாத இடத்திலும்கூட
அழகாக, சிந்தாமல் சிதறாமல்
பவள நிறத்தில் பதினேழு பொட்டு.

யாருடைய நகப்பூச்சு என்று
நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கிக்கொண்டேன்.

"உள்ளே ஒன்றுமில்லை, ஆரின்.
சிகர் என்பது உண்ணிக்குத் தூரத்துச் சொந்தம்,
கண்ணில் படாத பொடிசு.
தோலுக்குள் குடியேறாது, ரத்தமும் குடிக்காது.
எச்சில் விட்டுத் தோலைக் கரைத்து
ஒரு வாய் உறிஞ்சும்.
உங்கள் விரல் தேடிப் போகும் நேரத்தில்
அநேகமாக உதிர்ந்து போயிருக்கும்.
பூச்சு பூசி மூச்சடைக்க அங்கே ஆளில்லை."

"போய்விட்டதென்றால் ஏன் இன்னும் அரிக்கிறது?"

"போனது அது.
பதில் சொல்லிக்கொண்டிருப்பது உங்கள் உடம்பு."

அவர் கொஞ்ச நேரம்
இருமல் மிட்டாய் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு பணப்பையை எடுத்தார்.

சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள்.
போட்டிருந்த துணியைக் கொதிக்கும் நீரில் துவையுங்கள்.
அரிப்பு எழும்போது ஈரத்துணியைக் குளிரக் குளிர வையுங்கள்,
மேலே காலமைன்.
இந்தக் களிம்பு மெல்லிசாக,
இரவில் ஒரு மாத்திரை, அதன்பின் டிராக்டர் ஓட்டக்கூடாது.
நகத்தை ஒட்ட வெட்டுங்கள்;
சொறிந்து புண்ணாக்கினால் வேறு மருந்து, வேறு விலை.
பத்து நாளாகலாம்.
காய்ச்சல் வந்தால் என்னிடம் வராதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

மணி அடங்கவில்லை, லர்லீன் பிக்ஸ்பி நுழைந்தாள்.
நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவள்,
வெயிலில் நின்று யாரும் பார்த்திராதவள்.
"காலமைன் ஒன்று. கொசு, வேறென்ன" என்றாள்
உள்ளங்கையால் இடுப்பைத் தேய்த்தபடி.
சில்லறையை எண்ணி வைத்த விரல்களில்
பவளம்.

எண்ணி முடித்து, குரலைத் தாழ்த்தி:
"நகப்பூச்சு அழிக்கிற திரவம் இருக்கிறதா?
பெரிய பாட்டிலாக."

அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்,
சிரிப்பை அங்கேயே வைத்துவிட்டு வர.
பையில் பூச்சிவிரட்டி ஒன்றையும் போட்டேன், பில்லில் சேர்க்காமல்.
"அடுத்த முறை கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள்.
தரையில் கனத்த விரிப்பு போடுங்கள்.
வந்ததும் குளித்துவிடுங்கள், நீங்கள்."

நீங்கள் என்பது மரியாதைக்கு ஒருவர்,
கணக்குக்கு இருவர்.
எதை எடுத்துக்கொண்டாளோ,
காது மடல் மட்டும் சிவந்தது;
அது சிகர் கடிக்கும் இடமல்ல.

திங்களன்று கடை திறக்கும்போது
வாசற்படியில் ஒரு கிண்ணம் கரும்பெர்ரி.
பெயரில்லை. மேலே மூடியிருந்தது
நூலகத்தின் பழைய ரசீதுத்தாள்,
கீழே நாய்முடி இரண்டு.

கழுவாமலே ஒன்றை வாயில் போட்டேன்.
புளிப்பு, வெயில், ஒரு விதை பல்லிடுக்கில்.
கணுக்காலில் ஏதோ நமநமவென்றது.
குனிந்து பார்த்தேன்.
ஒன்றுமில்லை.
நான்தான் எங்கேயும் போகவில்லையே.