நிகர எடை

கைப்பேசி சொல்கிறது:
அலோர் ஸ்டாரிலிருந்து தாவாவுக்கு
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்,
இரண்டு மணி ஐம்பது நிமிடம்.
தென்சீனக் கடலின் மேல் ஒரு கோடும் போட்டுக் காட்டுகிறது,
துணி காயப்போடும் கொடி மாதிரி,
காற்றில் லேசாக மேலெழும்பி.

அந்தக் கோட்டில் பறக்கும் விமானம் எதுவுமில்லை
என்பதை மட்டும் சொல்வதில்லை.

நான் பீடோங் செம்பனை ஆலையில்
எடை மேடைக்காரன்.
லோரி ஏறும்: முப்பத்தோரு டன்.
குலைகளைக் கொட்டிவிட்டு மறுபடி ஏறும்: பதினொன்று.
கழித்து வருவதற்குத்தான் காசு.
லோரியின் சொந்த எடைக்கு
யாரும் ஒரு சென் கொடுத்ததில்லை.

இரண்டு மணி ஐம்பது நிமிடம்
கழித்து வந்த எடை.

கழித்துப் போட்டது:
விடியாத நாலரைக்கு
ஆ மெங்கின் கார், அவன் கொட்டாவி;
கோலாலம்பூரில் இறங்கி
இன்னொன்றில் ஏற ஆறு மணி நேரம்,
பதினெட்டு ரிங்கிட்டுக்கு ஒரு மீ கோரேங்;
"கைப்பை ஏழு கிலோதான், அண்ணே"
என்று ஒரு பையன் தொங்கவிட்ட தராசில்
ஏழு அறுநூறு.
தினம் அறுநூறு டன் பார்ப்பவன்
அறுநூறு கிராமுக்கு மன்றாடினேன்.
இஞ்சி ஊறுகாய் போத்தல் அங்கேயே நின்றுவிட்டது.

தாவாவில், சொந்த நாட்டில்,
அடையாள அட்டையை வாங்கிப் புரட்டி
எத்தனை நாள் என்றார்கள்.
மூன்று.
எதற்கு?
பெண்டாட்டியைப் பார்க்க.
சீட்டு கொடுத்தார்கள். இன்னும் பர்சில் இருக்கிறது.

போய்ச் சேர்ந்தபோது தவமலர்
தாதிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.
மூன்று இரவில் இரண்டு அவளுக்கு வார்டில்.
வாடகை அறையின் ஜன்னலைத் திறந்தேன்.
அதே செம்பனை, அதே வரிசை, அதே பச்சை.
"இதைப் பாக்கவா இவ்ளோ தூரம் வந்தீங்க?"
சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

இடமாற்றக் கடிதம் மூன்றாம் முறையும்
பரிசீலனையில்.

ஆறரைக்கு அழைக்கிறாள்.
"இங்க நல்லா இருட்டிடுச்சு. அங்க?"
இங்கே வெயில் பனை மட்டைக்கு மேல்
ஒரு சாண் நிற்கிறது.
குலைகளின் சிவப்பு தெரிகிறது,
டிரைவரின் முட்டியில் ஒட்டிய பிளாஸ்திரிகூட.
இரண்டு சுவரிலும் ஒரே ஆறரைதான்,
அரசாங்கம் அப்படி வைத்திருக்கிறது.

ஒரு நாள் எடைப் புத்தகத்தின் ஓரத்தில்
நேரம் குறித்தேன்.
அவளிடமிருந்து கிளம்பும் இருட்டு
கடல் தாண்டி, கிளந்தான் காடு தாண்டி
என் மேடைக்கு வந்து சேர
ஒரு மணி பத்து நிமிடம்.
நடுவில் எங்கும் இறங்கி ஏறுவதில்லை.
யாரும் நிறுத்தி எடை போடுவதில்லை.

அதிலிருந்து ஏழே காலுக்கு மேல்
வெளியே வந்து நிற்பது பழக்கமாகிவிட்டது.
நேற்று பாலகோபி ஹார்ன் அடித்தான்.
"அண்ணே, விளக்கப் போடுங்க,
நம்பர் தெரியல."

இரு, என்றேன்.
இப்பதான் இறங்குது.

எது என்று கேட்காமல்
எஞ்சினை ஓடவிட்டபடி
மேடைமேல் காத்திருந்தான்,
முப்பது டன் நானூறு.