காரணம்: மயில்

எட்டு பன்னிரண்டுக்கு ஃபீடர் விழுந்தது.
விழுந்தது என்றுதான் சொல்வோம்.
எதுவும் விழாது.
பேனலில் சிவப்பு அணைந்து பச்சை எரியும்,
மணி அடிக்கும்,
மேசையில் கிடக்கும் பேனாவைத் தேடுவோம்.

ரிலே காட்டிய தூரம்
சீவலப்பேரி ஆற்றைத் தாண்டும் இடம்.
'மயிலாத்தான் இருக்கும்வே' என்றார் பலவேசம்,
டீயை ஆற்றிக்கொண்டே.
மார்கழி வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள்;
மயில்களெல்லாம் மேட்டுக்கு ஏறியிருந்தன.
லாக் புத்தகத்தில் நேரத்தைக் குறித்து
'காரணம்' என்ற கட்டத்தில்
மயில் என்று எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

விழுந்த லைனை ஒருமுறை ஏற்றிப் பார்க்கலாம்,
விதியில் இருக்கிறது.
மயிலென்றால் இதற்குள் கருகி உதிர்ந்திருக்கும்,
பனையோலை என்றாலும் அப்படித்தான்.
எட்டு பதினாலுக்குக் கைப்பிடியைத் திருப்பினேன்.
நின்றது,
ஒரு மூச்சு இழுக்கும் நேரம்.
பிறகு மறுபடி மணி.

அப்புறம்தான் போன்.
வாழைத்தோட்டத்துக்காரர் ஒருத்தர்:
'பிளேன் ஒண்ணு கம்பியில தொங்கிச்சு சார்,
இப்பம் கீழ கெடக்கு.'

தொங்கிச்சு.
இப்பம்.
இரண்டு சொல்லுக்கும் நடுவே
என் கை இருந்தது.

வாகைக்குளத்திலிருந்து கிளம்பிய இரண்டு சீட்டு விமானம்.
கரை உடைந்த இடங்களைப் படமெடுக்க
ஆற்றோடு ஆறாகத் தாழப் பறந்து
கிழக்கே போயிருக்கிறது, வெயிலுக்கு எதிரே.
ஓட்டியவள் ஹெப்சிபா, வயது இருபத்தாறு.
ஆஸ்பத்திரி வாசலில் அவள் அப்பாவைப் பார்த்தேன்.
அவள் ஹெட்போனைக் கையில் வைத்துக்கொண்டு
யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார்.
நான் வாங்கிக்கொள்ளவில்லை.

விசாரணைக்கு வந்தவர் நல்ல மனிதர்.
படம் வரைந்தே விளக்கினார்:
மேலிருந்து கம்பி தெரியாது,
எவ்வளவு நல்ல கண்ணுக்கும் தெரியாது,
டவரைத் தேடித்தான்
நடுவில் கம்பி இருக்கும் என்று நம்ப வேண்டும்.
இங்கே ஒரு டவர் பனங்காட்டுக்குள்,
அடுத்தது அக்கரையில், செங்கல்சூளைப் புகைக்குப் பின்னால்.
எதை நம்புவாள்?

கம்பியில் மாட்ட வேண்டிய ஆரஞ்சு உருண்டைகள்
தச்சநல்லூர் ஸ்டோரில் சாக்கோடு கிடந்தன,
எஸ்டிமேட்டுக்குக் கையெழுத்தாகாமல்.
ஓர் உருண்டையின் பாதியில்
ஸ்டோர்கீப்பர் துளசி வைத்திருந்தார்.
நன்றாகத் தளிர்த்திருந்தது.

ஐகிரவுண்டில் எட்டாம் நாள் கண் திறந்தார்
படமெடுக்கப் போன குமரகுருபரன்.
'ஆடாதீங்க சார்னு சொன்னா' என்றார்.
எப்போது?
'தொங்கிட்டிருந்தப்போ.'
எத்தனை மணிக்கு?
கையில் வாட்ச் இல்லை என்பதைக் காட்டினார்.

முதல் மோதலிலேயே உயிர் போயிருக்கும்
என்று எழுதியிருக்கிறார் டாக்டர்.
எழுதியதைப் படித்தேன்.
'இருக்கும்' என்ற சொல்லில்
நானும் போட்டிருந்தேனே, அந்தக் கேள்விக்குறி.
பதினாலைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
விதியில் இருக்கிறது அல்லவா.

ஒன்பதாம் நாள் ஆற்றங்கரைக்குப் போனேன்.
இருபது வருஷமாக அந்த லைனைப்
பேனலில் மட்டும் பார்த்தவன்.
அண்ணாந்து பார்த்தேன்; வானம் மட்டும் இருந்தது.
பிறகு, புதிதாக இழுத்துக் கட்டிய,
இன்னும் ஏற்றாத கம்பியில்
கரிச்சான்கள் வந்து உட்கார்ந்தன.
ஒவ்வொன்றாக, தள்ளித் தள்ளி,
ஆற்றின் குறுக்கே ஒரு தொய்வு
கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்தது.
அவள் பார்த்திருக்க வேண்டியது.

லைனை ஏற்றச் சொல்லி மறுநாள் உத்தரவு.
கைப்பிடியைத் தொடும் முன்
வாழைத்தோட்டத்துக்காரருக்குப் போன் போட்டேன்.
'குருவி ஏதும் உக்காந்திருக்கா?'
அவர் வெளியே வந்து பார்க்கும்வரை
ரிசீவரில் காற்று இரைந்தது.
பலவேசம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'இருக்கு சார், நாலஞ்சு.'

சரி என்றேன்.
வைக்கவில்லை.